அக்காவைத் திட்டினோம், அத்தானை அளக்கவில்லை

இது என் சொந்த அக்கா, அத்தான் கதை. இருவரும் உட்கார்ந்து படித்துப் பார்த்து, "பேரை மட்டும் போடாதே" என்று சொன்ன பிறகுதான் வெளியே விடுகிறேன். நான் சிங்கப்பூரில் பிடோக் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தில், அதாவது கிளினிக்கில், தாதி. 19 வருடமாக ஆட்களை எடை இயந்திரத்தில் ஏற்றி இறக்குகிற வேலை. அந்த அனுபவம் சொந்த வீட்டில் எப்படி உதவாமல் போனது என்பதுதான் இந்த எழுத்தில் பாதி.

அக்காவுக்கு வயது 49, உயரம் 156 செ.மீ., எடை 70 கிலோ. அத்தானுக்கு 52 வயது, 168 செ.மீ., 66 கிலோ. பிஎம்ஐ கணக்குப் போட்டால், அதாவது எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அக்காவுக்கு 28.8, அத்தானுக்கு 23.4 வருகிறது. சிங்கப்பூரில் நாங்கள் பயன்படுத்தும் அட்டவணையில் 27.5 தாண்டினால் அதிக ஆபத்து, 23 முதல் 27.4 வரை நடுத்தரம். ஆக அக்கா நேராகச் சிவப்பில், அத்தான் மஞ்சளின் வாசற்படியில். 25 தாண்டினால்தான் அதிக எடை என்ற பழைய கோட்டை மனதில் வைத்திருப்பவர்களுக்கு, எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான், அத்தான் "நல்ல உடம்பு".

போன தீபாவளிக்கு வழக்கமான கச்சேரி நடந்தது. அக்கா முறுக்குத் தட்டுப் பக்கம் கையை நீட்டினாள். அவளுடைய மாமியார், எனக்கு அத்தை, ஆரம்பித்துவிட்டார். "கொஞ்சம் வாயைக் கட்டும்மா. அவனைப் பாரு, கல்யாணத்தன்னைக்கு எப்படி இருந்தானோ அப்படியேதான் இருக்கான்." அப்படியே இருக்கிறவர் பக்கத்தில் ஜிப்பாவோடு உட்கார்ந்து மூன்றாவது அதிரசத்தை முடித்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருந்திருக்கலாம், ஆனால் தாதி என்ற முறையில் இரண்டு வார்த்தை சேர்த்து வைத்தேன். அக்கா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்னை உறுத்தியது அதுவல்ல, அன்று காலை நடந்த ஒன்று. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த அத்தான், அரைஞாண் கயிறு இறுக்குகிறது என்று அறுத்துப் போட்டுவிட்டுப் புதுசு கட்டிக்கொண்டார். "தண்ணி பட்டுப் பட்டு சுருங்கிடுதும்மா, சிராங்கூன் ரோட்டுல இப்பல்லாம் நல்ல கயிறே வர்றதில்ல" என்றார். போன வருடமும் இதையேதான் சொன்னார், அதற்கு முந்தைய வருடமும் சொன்னதாக ஞாபகம். அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இரவு படுத்த பிறகுதான் தோன்றியது, ஒரு மனிதருக்கு மூன்று வருடத்தில் மூன்று கயிறா சுருங்கும்?

அடுத்த சனிக்கிழமை இருவரையும் மருந்தகம் மூடும் நேரத்துக்கு வரச் சொன்னேன். அளவு நாடாவைத் தேட வேண்டியிருந்தது. ஸ்டேப்ளர் ஊசி டப்பாவுக்கு அடியில், இழுப்பறையின் மூலையில் கிடந்தது. எடை இயந்திரம் தினமும் அறுபது பேரைச் சுமக்கிறது, நாடா அங்கே தூங்குகிறது. வெட்கமாகத்தான் இருந்தது.

"எனக்கு எதுக்கு? என் இடுப்பு 32 தான், காலேஜ்ல இருந்து அதே பேண்ட் சைஸ்" என்றார் அத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழ் பேசுகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம் இதுதான். நமக்கு இடுப்பு என்றால் எல்லாமே இடுப்பு. குழந்தையைத் தூக்கி வைப்பதும் இடுப்பு, வலிப்பதும் இடுப்பு, பேண்ட் நிற்பதும் இடுப்பு. "இடுப்புச் சுற்றளவு" என்று சொன்னவுடன் ஆண்கள் பேண்ட் அளவைச் சொல்கிறார்கள். தொப்பை வளர வளர பேண்ட் கீழே இறங்கிக்கொண்டே போகும், எலும்பில் போய் நிற்கும், அங்கே அளவு மாறாது. தொப்பை அதற்கு மேலே பால்கனி மாதிரி வெளியே வந்து நிற்கும். அதனால் இப்போதெல்லாம் நான் "வயிற்றுச் சுற்றளவு" என்றே சொல்கிறேன். அகராதி என்ன சொன்னாலும் சரி.

அளக்கும் இடம் இது: பக்கவாட்டில் விலா எலும்பின் கடைசி விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் நாடா. சட்டையைத் தூக்கிவிட வேண்டும். கால் கொஞ்சம் அகட்டி, கை தொங்கவிட்டு, நாடா தரைக்கு இணையாக, தோலை அமுக்காமல். சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் தருணத்தில் படிக்க வேண்டும். நாடாவைப் பார்த்ததும் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள், நான் ஏதாவது பேச்சுக் கொடுப்பேன், பதில் சொல்லும்போது மூச்சு வெளியே வந்தாக வேண்டும் இல்லையா, அப்போது பார்த்துவிடுவேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சமூக நிகழ்ச்சியில் யாரோ தொண்டூழியர் அத்தானைச் சட்டைக்கு மேலேயே, பெல்ட்டுக்குப் பக்கத்தில் அளந்து 86 என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் துண்டுச் சீட்டை அவர் பத்திரமாக வைத்திருந்தார் என்பதுதான் வேடிக்கை.

நான் அளந்தபோது 95 செ.மீ. கீழே பிட்டம் அகலமாக இருக்கும் இடத்தில் 93. மேல் அளவு கீழ் அளவைவிடப் பெரிது. அரைஞாண் கயிறு தொப்பைக்கு அடியில் ஒளிந்திருந்தது, அது பதிந்த பள்ளம் முதுகுவரை போயிருந்தது.

அக்காவுக்கு வயிறு 84, கீழே 108.

தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் கோடு. இன்னும் சுலபமான கணக்கு, வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது. அத்தானின் பாதி 84, அவர் 11 செ.மீ. அதிகம். அக்காவின் பாதி 78, அவள் 6 அதிகம். ஆகவே அக்கா தப்பித்துவிட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வயிற்றைக் கீழ் அளவால் வகுத்தால் அவளுக்கு 0.78, அவருக்கு 1.02. இங்கேதான் இருவரும் பிரிகிறார்கள்.

ரத்தத்தில் தெரிந்தது

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்த்தியர் எஸ்ஜி, அதாவது ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் அரசுத் திட்டத்தில், அழைப்பு வந்ததுமே அக்கா பதிந்துகொண்டாள், அவளிடம் பழைய அறிக்கைகள் இருந்தன. அத்தான் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்து "அப்புறம் பார்ப்போம்" என்று வைத்தவர். எங்கள் மருத்துவர் இருவருக்கும் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முதலில் வந்தது மொத்தக் கொழுப்பு (இங்கே கொழுப்பும் சர்க்கரையும் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்): அக்காவுக்கு 5.5, அத்தானுக்கு 5.3. அதைப் பார்த்ததும் அத்தான் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. கீழே போகப் போக அது கரைந்தது. ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு அக்காவுக்கு 1.1, அவருக்கு 2.6. நல்ல கொழுப்பு என்கிறோமே, எச்டிஎல், அவளுக்கு 1.6, அவருக்கு 0.9. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் அவளுக்கு 3.4, அவருக்கு 3.2. வெறும் வயிற்றுச் சர்க்கரை அவளுக்கு 5.1, அவருக்கு 6.2. ரத்த அழுத்தம் அவளுக்கு 122/76, அவருக்கு இரண்டு வாரம் வெவ்வேறு நாளில் பார்த்தும் 138/86-ஐ ஒட்டியே. கல்லீரல் என்சைம் அவருக்கு மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. குடி? ஞாயிற்றுக்கிழமை இரண்டு பியர், அவ்வளவுதான் என்கிறார். அக்கா வேறு கணக்குச் சொல்கிறாள்.

வளர்சிதைக் கோளாறுத் தொகுப்பு என்று ஒன்று உண்டு, மெட்டபாலிக் சிண்ட்ரோம். வயிறு, டிரைகிளிசரைடு 1.7-க்கு மேல், எச்டிஎல் ஆண்களுக்கு 1.0-க்குக் கீழ், அழுத்தம் 130/85-க்கு மேல், சர்க்கரை 5.6-க்கு மேல் என்ற ஐந்தில் மூன்று இருந்தால் போதும், அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அத்தானுக்கு ஐந்துக்கு ஐந்து. அக்காவுக்கு ஒன்றுதான், வயிறு. அவளுடைய மொத்தக் கொழுப்பு அதிகமாகத் தெரிந்ததற்கு ஒரு பெரிய காரணமே அவளிடம் எச்டிஎல் தாராளமாக இருப்பதுதான். மொத்தத்தை மட்டும் பார்த்துத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பிஎம்ஐ-யைக் குறை சொல்வது இப்போது ஒரு நாகரிகம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஏனென்றால் தவறு கருவியிடம் இல்லை, அதை வைத்து என்ன கேட்கிறோம் என்பதில் இருக்கிறது. 1830-களில் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே, அவர் வானியலும் புள்ளியியலும் படித்தவர், மருத்துவரே அல்ல, சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடிய வழியில் இந்த வகுத்தல் கணக்கைப் பிடித்தார். 1972-இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கூட்டத்தை அளக்க வந்த கோல் அது. எதிரே நிற்கும் ஒரு மனிதரின் எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதனிடம் கேட்டால் அது பாவம் என்ன செய்யும்.

நம் ஊருக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரின் உடல் கொழுப்பை நுட்பமான முறைகளில் அளந்து பார்த்தார்கள். ஐரோப்பியருக்கு பிஎம்ஐ 30-இல் இருக்கும் கொழுப்பு, இங்குள்ள சீனருக்கும் மலாய்க்காரருக்கும் சுமார் 27-லேயே, இந்தியருக்குச் சுமார் 26-லேயே வந்துவிடுகிறது என்று தெரிந்தது. 2002 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்கான பிஎம்ஐ பற்றிய நிபுணர் கூட்டத்தைச் சிங்கப்பூரிலேயே நடத்தியது, அதன் முடிவு 2004-இல் வெளியானது, 23, 27.5 என்ற கோடுகள் அங்கிருந்து வந்தவை. அப்படி இறக்கியும் எங்கள் அத்தான் அரைப் புள்ளியில் நழுவிப் போகப் பார்த்தார்.

இந்தியர்களின் இந்த உடல்வாகுக்கு ஒரு பிரபலமான படம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின், நண்பர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் 2004-இல் லான்செட்டில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யாஜ்னிக் குண்டானவர் அல்ல, படத்தைப் பார்த்தால் நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருப்பார். நான் அதை அத்தானிடம் காட்டினேன். "இவரு டாக்டர்தானே, இவருக்கே இப்படின்னா எனக்கென்ன" என்றார். சரி, அது வேறு வகை ஆறுதல்.

வீட்டு எடைக் கருவியின் கதை

ரத்த அறிக்கைக்குப் பிறகும் அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டு மெஷின்ல கொழுப்பு 17 சதவீதம்னு காட்டுது, உள்ளுறுப்புக் கொழுப்பும் நார்மல்னு காட்டுது" என்று வாதம். பார்க்கலாம் என்று பிடோக்கில் அவர்கள் வீட்டுக்கே போனேன்.

இந்தக் கருவிகள் காலில் உள்ள உலோகத் தகடு வழியாக மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்புகின்றன. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடுக்கும். அந்தத் தடையை வைத்து, வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரு எண்ணைக் காட்டுகிறது. அளப்பது தடையை, மற்றதெல்லாம் ஊகம். அதிலும் இரண்டு காலை மட்டும் வைக்கும் கருவியில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குகிறது. தொப்பைப் பக்கம் அது பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை. அத்தானின் கால்களோ கொக்குக் கால்கள்.

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். உயரம் 172 என்று இருந்தது, நான்கு செ.மீ. அன்பளிப்பு. அதற்கும் மேலே "விளையாட்டு வீரர்" என்ற முறை போடப்பட்டிருந்தது. தசை அதிகமுள்ளவர்களுக்காக வேறு சூத்திரம் போடும் முறை அது, கொழுப்பைக் குறைத்துக் காட்டும். யார் போட்டது என்று கேட்டால், மகன். வாங்கியபோது அவன் தேசிய சேவையில் இருந்தான், தனக்காகப் போட்டுக்கொண்டது, அப்பா மூன்று வருடமாக அதன் மேல் ஏறி மகிழ்ந்துகொண்டிருக்கிறார். சரியான உயரம், சாதாரண முறை என்று மாற்றியதும் 25 காட்டியது. அதே மாலை குளித்துவிட்டு ஈரக் காலோடு ஏறியபோது 23. அத்தான் "பார்த்தியா, குளிச்சா இரண்டு பர்சன்ட் குறையுது" என்றார்.

இந்தக் கருவியை நான் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில், காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடாமல், காய்ந்த காலோடு ஏறினால், போன மாதத்துக்கு இந்த மாதம் எந்தத் திசையில் போகிறது என்று ஓரளவு தெரியும். அந்த எண்ணை நம்பி இதயத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு ஆர்வம் தாங்காமல், என் ஆர்வம்தான், இருவரையும் கைக்காசு போட்டு டெக்ஸா ஸ்கேன் எடுக்க வைத்தேன். எலும்பு அடர்த்தி பார்க்க வைத்திருக்கும் கருவிதான், இரண்டு வகை எக்ஸ்ரே சக்தியில் உடம்பைக் கடந்து எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்துக் காட்டும், கதிர்வீச்சு மிகக் குறைவு. அதன் முடிவுதான் எனக்கே ஒரு பாடம். உடல் கொழுப்பு அக்காவுக்கு 41 சதவீதம், அத்தானுக்கு 30. சதவீதத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் மறுபடியும் அக்காதான் குற்றவாளி! பெண்களுக்கு இயல்பாகவே சதவீதம் கூடுதல் என்பது ஒரு பக்கம். அடுத்த வரியில் வயிற்றுப் பகுதியின் கொழுப்பு விகிதத்தை இடுப்பு தொடைப் பகுதியின் விகிதத்தால் வகுத்துப் போட்டிருந்தார்கள். அக்காவுக்கு 0.88, அத்தானுக்கு 1.25. குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பின் பரப்பு, இது டெக்ஸாவின் மதிப்பீடுதான், அவளுக்கு 85 சதுர செ.மீ., அவருக்கு 160. ஜப்பானில் சிடி ஸ்கேனில் தொப்புள் மட்டத்தில் 100 சதுர செ.மீ. என்பதைக் கோடாக வைத்திருக்கிறார்கள். 2008-இலிருந்து அங்கே 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களின் உடல்நலச் சோதனையில் நாடாவும் உண்டு. ஆண்களுக்கு 85 செ.மீ. என்ற கோடு அந்த 100-இலிருந்துதான் பிறந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த ஸ்கேன் எங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. நாடா ஏற்கெனவே சொன்னதைப் படம் போட்டுக் காட்டியது. செலவு செய்ததில் ஒரே லாபம், அத்தான் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வாதாடுவதை நிறுத்தினார்.

ஏன் அந்த இடம் மட்டும்

கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. வீவக அடுக்குமாடி வீடுகளில் பாம் ஷெல்டரை, அதாவது குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பாகக் கட்டிய அறையை, எல்லோரும் ஸ்டோர்ரூமாகத்தானே வைத்திருக்கிறோம்? தொடை, பிட்டம், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அந்த அறை மாதிரி. கதவை மூடிவிட்டால் வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. அக்காவின் ஸ்டோர்ரூம் பெரிது, நிறையத் தள்ளினாலும் ஏற்றுக்கொள்கிறது. அத்தானின் அறை சின்னது, நம்மில் பலருக்கும் அது சின்னதுதான். நிரம்பிய பிறகு வருவதெல்லாம் ஹாலில், அடுப்படியில், படுக்கைக்கு அடியில் என்று குவியும். குடலைச் சுற்றி, கல்லீரலுக்குள், இதயத்தைச் சுற்றியும்கூட. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகிறது, சர்க்கரையை வெளியே விடுகிறது, டிரைகிளிசரைடை மூட்டை கட்டி ரத்தத்தில் ஏற்றுகிறது, எச்டிஎல் தேய்கிறது, எல்டிஎல் துகள்கள் சிறிதாக, அடர்த்தியாக மாறுகின்றன. அத்தானின் ரத்த அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள், இந்தக் கதை வரிவரியாக அதில் இருக்கிறது. எல்டிஎல் எண் 3.2 என்று சாதுவாகத் தெரிந்ததற்குள்ளும் இது ஒளிந்திருக்கலாம்.

இதெல்லாம் நேற்று வந்த ஞானமும் இல்லை. 1947-லேயே பிரான்சின் மார்சேயில் ஜான் வாக் என்ற மருத்துவர், மேல் உடம்பில் சேரும் கொழுப்பு ஒரு மாதிரி, கீழ் உடம்பில் சேர்வது வேறு மாதிரி, நீரிழிவு முதலானவை முதல் வகையோடுதான் வருகின்றன என்று எழுதிவிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்குப் பிடித்த சான்று 2004-இல் வந்தது. குண்டான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பைச் சுமார் 10 கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். 10 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள் எதுவும் தேறவில்லை. 10 கிலோ! உணவாலும் நடையாலும் அதில் பாதி குறைந்தாலே எண்கள் மாறுவதை நான் மருந்தகத்தில் பார்க்கிறேன். எடுத்த கொழுப்பு தவறான அறையிலிருந்து எடுத்தது.

இதயத்தோடு நேரடித் தொடர்புக்கு இன்டர்ஹார்ட் ஆய்வு. 52 நாடுகள், சுமார் 27,000 பேர், கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில். மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் வைத்துப் பார்த்தபோது, பிஎம்ஐ-யைவிட வயிறு இடுப்பு விகிதம் மாரடைப்போடு மிக நெருக்கமாகப் போனது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்ற நாட்டவர்களுக்குச் சுமார் 59. அத்தானுக்கு 52 என்பதை அக்கா இந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டாள். சர்க்கரை போடாமல்.

மருத்துவர் அடுத்துச் செய்தது, மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு என்ற ஆபத்துக் கணக்கு. சிங்கப்பூருக்காக மாற்றியமைத்த ஃபிராமிங்ஹாம் கணக்கில் வயது, ஆணா பெண்ணா, இனம், மொத்தக் கொழுப்பு, எச்டிஎல், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் போகும். வயிற்றுச் சுற்றளவுக்கு அதில் கட்டமே இல்லை. அது குறையா என்றால், பாதி ஆம். வயிறு செய்யும் சேதத்தில் ஒரு பகுதி எச்டிஎல், அழுத்தம் வழியாகக் கணக்குக்குள் வந்துவிடுகிறது, மீதி வெளியே நிற்கிறது. அந்தக் கணக்கு அத்தானை நடுவில் நிறுத்தியது. நடுவில் நிற்பவர்களுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிய ஒரு வழி, இதயத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சிடி ஸ்கேனில் பார்ப்பது. பூஜ்யம் வந்தால் நிம்மதி. அத்தானுக்கு 86 வந்தது. 100, 400 என்று போகிறவர்களைப் பார்க்க இது சின்ன எண், ஆனால் பூஜ்யம் இல்லை, படிவு தொடங்கிவிட்டது. மருத்துவர் எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதினார். அழுத்தத்துக்கு மாத்திரையை ஆறு மாதம் தள்ளி வைத்தார்.

ஆறு மாதத்தில்

சாப்பாட்டில் பெரிய புரட்சி ஒன்றும் செய்யவில்லை. அத்தான் சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார், நாள் முழுக்க நாற்காலி. காலையில் காப்பிக்கடையில் இரண்டு பரோட்டாவும் ஒரு தே தாரேக்கும் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), பதினொரு மணிக்கு இன்னொரு தே, மூன்று மணிக்கு இன்னொன்று. எல்லாவற்றிலும் கெட்டிப்பால். அவை தே ஓ கொசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், ஆயின, முதல் வாரம் மனிதர் யாரோடும் பேசவில்லை. பரோட்டா வாரத்துக்கு ஒருநாள் தேக்கா சந்தையில் மட்டும். இரவு பத்து மணிச் சோறு எட்டு மணிக்கு வந்தது, அளவும் பாதியானது. ஞாயிறு பியர் ஒன்று. அக்காவின் கணக்குப்படியும் ஒன்று.

நடை பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி, ஒரு சுற்று சுமார் 4.3 கிலோமீட்டர், இருவரும் சேர்ந்தே. நடையைவிட நான் பிடிவாதம் பிடித்தது பளு தூக்குவதற்கு. அவருடைய காலில் தசை இல்லை, சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளப் பெரிய தொடைத் தசை வேண்டும். வாரம் இரண்டு நாள் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக் கூடம். "இந்த வயசுல எனக்கு எதுக்கு ஜிம்" என்றவர், மூன்றாம் மாதம் எவ்வளவு தூக்கினேன் என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்தார்.

எடை 66-இலிருந்து 63.4. வெறும் 2.6 கிலோ, எடை இயந்திரத்தை மட்டும் பார்த்தால் சோர்ந்து போகும் எண். டிரைகிளிசரைடு 1.7, எச்டிஎல் 1.0, சர்க்கரை 5.7, அழுத்தம் 128/80, எல்டிஎல் மாத்திரையின் உதவியோடு 1.9. கல்லீரல் என்சைம் இறங்கிவிட்டது. அக்கா 68 கிலோ, வயிறு 82. அவளுக்கு ஒரு வருடமாக மாதவிலக்கு தப்பித் தப்பி வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறும் என்பதால் அவளுடைய பெரிய ஸ்டோர்ரூம் எப்போதும் கை கொடுக்காது. அவள் எண்ணை இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாவில்தான் பார்ப்பேன், எடையில் அல்ல.

அத்தைக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. மகனின் முகம் ஒட்டிப்போய்விட்டது, கன்னம் விழுந்துவிட்டது, மருமகள் சரியாகச் சோறு போடுவதில்லை என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆக அக்கா இப்போதும் திட்டு வாங்குகிறாள், காரணம் மட்டும் மாறியிருக்கிறது.

போன சனிக்கிழமை அத்தானை அளந்தேன். நாடா இப்போது எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. 90.5.

"90தான். நீ சரியா பார்க்கல, மூச்சு விட்டுட்டேன், மறுபடி பாரு."

மறுபடி பார்த்தேன். 90.5.

"அரை சென்டிமீட்டர்தானே? கயிறு இருக்குல்ல, அந்தத் தடிமனைக் கழிச்சுக்கோ."

கயிறு நாடாவுக்கு நான்கு விரல் கீழே இருந்தது. அறிக்கையில் 90.5 என்றே எழுதினேன்.